35,000 ரூபாயில் தொடங்கிய பாசி கழுவும் தொழில்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இடையில் வெயில் அடித்தாலும் பலாவும் அயனியும் நிழல் போட்ட முற்றங்களில் ஈரம் காய்வதில்லை. தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் காம்பவுண்டு சுவர் கறுத்துக் கிடக்கும், படிக்கட்டில் பாசி பிடித்திருக்கும். பல வீடுகளில் பிள்ளைகள் துபாயிலோ தோஹாவிலோ இருப்பார்கள். இங்கே அம்மாவும் அப்பாவும் மட்டும். காலையில் பால் எடுக்க இறங்கும்போது கால் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அப்படி விழுந்து படுக்கையோடு படுக்கையான பெரியவர்களை எனக்கே தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் பெயின்டர்.

வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில் பாதி வேலை தேய்ப்பதுதான். கம்பி பிரஷை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றால் தோள்பட்டை கழன்றுவிடும். அவசரத்தில் பாசியைச் சரியாக எடுக்காமல் பிரைமர் அடித்தால் அடுத்த மழைக்கே கொப்புளம் விட்டு உரியும். வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார், கம்பெனிக்காரர் பெயின்டரைக் கைகாட்டுவார். அசல் காரணம் உள்ளே உயிரோடு இருக்கிற பாசி. இதைப் பல வருஷம் பார்த்த பிறகுதான், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற பிரஷர் மெஷினை வைத்துக் கழுவுவதையே தனி வேலையாக எடுத்துச் செய்தால் என்ன என்று தோன்றியது.

கையில் 15,000 இருந்தது. அம்மா தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் 20,000 கடன் எடுத்துக் கொடுத்தாள். ஆக 35,000. இந்தப் பணத்தை எதில் போட்டேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். தொழில் தொடங்க நினைத்து என்னிடம் கேட்கிற தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணே?" என்பதுதான். நான் பார்த்தவரை மெஷினுக்குப் பாதிப் பணம் போதும். மீதிப் பாதி வயருக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும்.

முதலில் மெஷின். கடைகளில் மூன்று வகை கிடைக்கும். ஒன்று, ஆன்லைனில் எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு வருகிற வீட்டு உபயோக மெஷின். கைக்கு அடக்கமாக இருக்கும், சத்தம் அதிகம். உள்ளே கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். சொந்தக் காரைக் கழுவ அது தாராளம். தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓட்டினால் சூடாகிக் கார்பன் தேய்ந்துவிடும். இரண்டாவது, வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெல்ட் போட்டு ஓடுமே, அந்த ஹெச்.டி.பி. பம்ப். மருந்து அடிக்கவும் அதையே வைத்திருப்பார்கள். தண்ணீர் நிறையத் தள்ளும், பிரஷர் குறைவு. லாரி டயரில் ஒட்டிய சேற்றை அது எடுக்கும், பேவர் பிளாக்கில் வேர்பிடித்த பாசி அசையாது. மூன்றாவது, கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் வைத்த பிரஷர் வாஷர். கனம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் அசராமல் ஓடும். நான் நாகர்கோவில் கோட்டாறில் விசாரித்து 18,000 ரூபாய்க்கு இந்த மூன்றாவது வகையில் சின்னதாக ஒன்று எடுத்தேன்.

வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது அதிகபட்ச பிரஷர். மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் வேலை செய்யும்போது நிற்கிற பிரஷரைத் தனியாகப் போட்டிருப்பார்கள், அது குறைவாக இருக்கும். அதோடு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பாருங்கள். பிரஷரை 'பார்' என்ற அளவில் போட்டிருப்பார்கள், சில கடைகளில் பி.எஸ்.ஐ. கணக்கில் சொல்வார்கள். 1 பார் என்றால் 14.5 பி.எஸ்.ஐ., அவ்வளவுதான். முற்றம், சுவர், படிக்கட்டு வேலைக்கு நிஜமாகவே 100 பார் நின்றால் போதும். அதற்கு மேல் பிரஷர் கூடினால் அழுக்கோடு சிமென்டும் வரும். லிட்டர் கூடினால்தான் வேலை வேகமாக நகரும், ஏனென்றால் கிளப்பிய அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு.

அடுத்து வயர். இதில் ஒரு பைசா மிச்சம் பிடிக்கக் கூடாது. நம் வீடுகளில் 16 ஆம்பியர் பிளக் பெரும்பாலும் அடுக்களையிலோ பாத்ரூம் ஹீட்டர் பக்கத்திலோ இருக்கும். அங்கிருந்து கேட் வரைக்கும் வயர் இழுக்க வேண்டும். மெல்லிய வயரில் இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும், வயரும் சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், செம்பு வயர், 30 மீட்டர். இதற்கு நாலாயிரம் ஆனது. சுருளாக வைத்துக்கொண்டு தேவையான அளவுக்கு மட்டும் இழுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருளுக்குள் சூடு வெளியேறாது, உறை உருகிவிடும். முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

வயரின் தலைப்பில், அதாவது வீட்டுப் பிளக்கில் சொருகுகிற பக்கம், கரண்ட் கசிந்தால் உடனே தானாக அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வைத்த பெட்டி ஒன்றை எலக்ட்ரீஷியன் நண்பனிடம் செய்து வாங்கினேன். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். யோசித்துப் பாருங்கள், நாம் நிற்பது ஈரத் தரையில், கையில் இரும்புக் குழாய், பக்கத்தில் கரண்ட் மெஷின். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், எர்த் வயர் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் மெஷினைச் சொருகுவதற்கு முன் டெஸ்ட் லேம்ப் வைத்து எர்த்தைப் பார்ப்பேன். எர்த் இல்லையென்றால் வேலையை எடுப்பதில்லை, வீட்டுக்காரரிடம் அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் வருவேன். அவர்கள் கோபப்பட்டதில்லை. அந்த வீட்டு வாஷிங் மெஷினும் அதே எர்த்தை நம்பித்தானே ஓடுகிறது.

மீதிப் பணத்தில் பிரஷர் ஹோஸ் கூடுதலாக 20 மீட்டர், சாதாரண ஹோஸ் 30 மீட்டர், 200 லிட்டர் நீல டிரம், தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் மாட்டும் ஃபில்டர், கம்பூட், கண்ணாடி, ரப்பர் கையுறை, மருந்து தெளிக்கும் கைப்பம்ப் ஒன்று. எல்லாம் போகப் பெட்ரோலுக்குக் கொஞ்சம் மிஞ்சியது. வண்டி என்னிடமே இருந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் மெஷின், முன்னால் டிரம்முக்குள் ஹோஸும் வயரும்.

டிரம் எதற்கு என்று கேட்பார்கள். மேல்தொட்டியிலிருந்து வருகிற குழாயில் நேரடியாக மாட்டினால், ஒரே மாடி வீட்டில் தண்ணீரின் வேகம் போதாது. மெஷின் நிமிடத்துக்கு ஏழு எட்டு லிட்டர் கேட்கும், குழாய் ஐந்துதான் தரும். பம்ப் காற்றை இழுக்கும். அப்போது சத்தம் மாறுவதைக் காதால் கண்டுபிடிக்கலாம். சீராக இரைந்துகொண்டிருந்தது கடகடவென்று தட்டத் தொடங்கும், கையில் பிடித்த கன் விட்டுவிட்டு உதறும். உடனே நிறுத்தாவிட்டால் சீல் போய்விடும். டிரம்மை நிரப்பி வைத்து அதிலிருந்து உறிஞ்ச விட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. போர் தண்ணீரில் வருகிற மணலும் டிரம்மின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாயை அடியில் முட்டவிடாமல் ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். நீங்கள் வாங்கும் மெஷின் தானாகத் தண்ணீர் உறிஞ்சும் வகையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், எல்லா மெஷினும் உறிஞ்சாது.

தண்ணீர் செலவைப் பற்றி வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். மணிக்கு 420 முதல் 480 லிட்டர்தான் ஆகும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரம் வரும். தோட்டத்து ஹோஸைத் திறந்துவிட்டு அதே இடத்தை விளக்குமாறால் தேய்த்து முடிப்பதற்குள் மொத்தத்தில் இதைவிட அதிகம் போகும். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

சரி, கழுவும் முறை. மெஷினோடு கன்னின் நுனியில் மாட்டுகிற நாசில் கலர் கலராகத் தருவார்கள். சிவப்பு ஊசி மாதிரி ஒரே கோடாக அடிக்கும், மஞ்சள் 15 டிகிரி அகலத்துக்கு விரிந்து அடிக்கும், பச்சை 25, வெள்ளை 40. சிவப்பை நான் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. தரைக்குப் பச்சை, பெயின்ட் அடித்த சுவருக்கு வெள்ளை. இதற்கு முன் பாசியைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். ஹைப்போ என்று கேனில் விற்கிறார்களே, அந்த சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கைப்பம்பால் தெளித்து, கால் மணி நேரம் ஊற விடுவேன். வெயில் ஏறும் முன் தெளித்தால்தான் காய்ந்து போகாமல் வேலை செய்யும். பக்கத்தில் இருக்கிற பிச்சிக்கொடிக்கும் வெற்றிலைக்கொடிக்கும் முதலிலேயே நல்ல தண்ணீர் ஊற்றி நனைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். கிணறு பக்கத்தில் இருந்தால் ஹைப்போவே வேண்டாம், பிரஷர் மட்டும். டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டை ஒருபோதும் இதோடு சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

அடிக்கும்போது சரிவின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வர வேண்டும். நாசிலுக்கும் தரைக்கும் ஒரு சாண் தூரம், அது கூடவோ குறையவோ கூடாது. ஒரு வீச்சின் பாதி மேல் அடுத்த வீச்சு விழ வேண்டும். தரை நனைந்திருக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி சுத்தமாகத் தெரியும். காய்ந்த பிறகுதான் எங்கெல்லாம் கை தூரம் மாறியது என்பது வரிவரியாகத் தெரியும். அதனால் நான் ஒரு பக்கத்தை முடித்ததும் கிளம்பிவிட மாட்டேன். டீ குடித்து, காய்ந்த பின் ஒரு சுற்று நடந்து பார்த்து, வரி இருந்தால் குறுக்காக ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் ஹோஸைச் சுருட்டுவேன். பேவர் பிளாக் என்றால் இடுக்கில் இருக்கும் மணல் பறந்துவிடும். காய்ந்ததும் எம்-சாண்ட் தூவிப் பெருக்கி இடுக்கை நிரப்புவது நம் வேலை. நிரப்பாமல் விட்டால் கார் ஏறும்போது கல் ஆடத் தொடங்கும். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் வயசான அம்மா ஒருத்தி நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மக்களே, கல்லு பேந்திராதா?" என்று கேட்டாள். மணலை நிரப்பி, அவளையே மேலே நடக்கச் சொல்லிக் காட்டினேன். அவள் சொல்லித்தான் அந்தத் தெருவில் அடுத்த நாலு வீடு கிடைத்தது.

எதை அடிக்கக் கூடாது என்பதில்தான் இந்தத் தொழிலின் நம்பிக்கை இருக்கிறது. பிரஷர் மெஷின் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் காட்டுவார்கள். பழைய மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் அதன் இணைப்புச் சாந்து இளகிப் போயிருக்கும். அதில் 100 பாரில் அடித்தால் சாந்து பறந்து, அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும். வெள்ளை நாசிலைத் தள்ளிப் பிடித்து, பிரஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஏறவே மாட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடவே மாட்டேன், ஏனென்றால் பிரஷரில் அதன் நார் உதிர்ந்து காற்றிலும் தண்ணீரிலும் கலக்கும், அது நுரையீரலுக்கு விஷம். சோலார் பேனலுக்குப் பிரஷர் ஆகாது. விடியற்காலையில் சாதாரண ஹோஸும் மென்மையான பிரஷும் போதும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஏணியில் நின்றுகொண்டு கன்னை அழுத்துவதும் கூடாது, அது பின்னால் தள்ளும்.

பிரஷரில் வருகிற தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே போகும் என்பதைக் கூட வருகிற பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் காயம் தெரியும், உள்ளே அழுக்குத் தண்ணீர் பரவியிருக்கும். பட்டால் கட்டுப்போட்டுக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

பாசி கழுவுவதோடு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்கிறேன். அதனால் இன்னொன்றும் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறீர்களே, அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துவிடுங்கள், கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள். மாட்டேன். நான் இறங்க மாட்டேன், வேறு ஆளையும் இறக்க மாட்டேன். பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் இறக்குவதை 2013ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அதற்குப் பிறகும் செய்தித்தாளில் அந்தச் சாவுகள் நிற்கவில்லை. அதற்கென்று உறிஞ்சும் லாரி இருக்கிறது, அந்த நம்பரைக் கொடுத்துவிடுவேன். குடிதண்ணீர்ச் சம்புக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, மேலே ஒரு ஆள் நிற்காமல் உள்ளே கால் வைப்பதில்லை. பெட்ரோல் எஞ்சின் வைத்த எதையும் சம்புப் பக்கமே கொண்டுபோவதில்லை.

கூலி எப்படி வாங்குவது? நாள் கூலி பேசினால் நாம் வேகமாக முடித்தால் நமக்கு நஷ்டம், மெதுவாகச் செய்தால் அவர்களுக்கு மனக்கசப்பு. சதுர அடிக் கணக்கே நல்லது. பாசி பிடித்த தரைக்கு அடிக்கு மூன்று ரூபாய் வாங்குகிறேன், மணல் நிரப்புவது சேர்த்தால் நாலு. ஆயிரம் அடி முற்றத்துக்கு நானும் ஒரு பையனும் காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். மூவாயிரத்தில் பையனுக்குக் கூலி, ஹைப்போ, பெட்ரோல் போக ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையாமல் நிற்கும். சின்ன வேலைக்கு, படிக்கட்டு மட்டும் என்றாலும், ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வண்டியை எடுப்பதில்லை. தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுப் படிக்கட்டு மட்டும் இதற்கு விலக்கு. பக்கத்தில் வேறு வேலைக்குப் போகும்போது அதை அடித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

வேலை கிடைத்தது பெரும்பாலும் பெயின்டர்கள் வழியாகத்தான். கூடப் பழகிய ஆட்கள். அவர்களுக்குத் தேய்க்கிற வேலை மிச்சம், பெயின்டும் நிற்கும். அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். கத்தாரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டு, "அண்ணே, அப்பா நடக்கிற பாதையை மட்டும் முதல்ல பண்ணிக் கொடுங்க" என்பார்கள். வேலை நடக்கும்போதே வீடியோ கால் போட்டுக் காட்டுவேன். பணம் அவர்களுடைய அக்காவோ மாமாவோ இங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். விளம்பரத்துக்கு நான் தனியாகச் செலவழித்ததில்லை.

காகித வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் இணையத்தில் நீங்களே போடலாம், அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. கையில் பணமே இல்லையென்றால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். நான் அம்மாவின் குழுக்கடனை அடைத்த பிறகு பெரிய மெஷினுக்காக அதைத்தான் கேட்கப் போகிறேன். கூடவே வட்டமாகச் சுழன்று தரையைக் கழுவும் சர்ஃபேஸ் கிளீனர் ஒன்றும் வாங்க வேண்டும். அது வரியே விழாமல் கழுவும், நேரமும் பாதியாகும். ஆனால் என் சின்ன மெஷினின் லிட்டர் அதற்குப் போதாது.

எங்கள் பக்கம் தொடங்க நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டில் மெஷினை வாங்கிச் சொந்த வீட்டு முற்றத்தில் கை பழகிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மழை ஓய்ந்ததும் வேலை வரும். அக்டோபர், நவம்பரில் மழையில் வெளிவேலை படுத்துவிடும், தண்ணீர்த்தொட்டி வேலையை வைத்து ஓட்டலாம். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வீடு வீடாகப் பெயின்ட் டப்பா திறப்பார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் ஊர்ப் பெயின்டர்களைப் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். டிசம்பரில் போனால் அவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.